பாதையும் பாதையோரமும்: அமெரிக்காவின் 66ஆம் இலக்க நெடுஞ்சாலை பற்றிய ஆக்கங்கள் குறித்து ஒரு நோக்கு

ஓர் அரசாங்கம் தன் வீதிகளுக்கு இலக்கமிடுவது வெறும் நிருவாகக் காரியம். ஆனால் அவ்விலக்கங்களுள் ஒன்று ஒரு தேசத்தின் பாட்டிலும் கதையிலும் திரைப்படத்திலும் இடம்பெற்று, அவ்வீதியே ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட பின்னரும் மக்கள் மனத்தில் நிலைபெறுமாயின், அது இலக்கிய மாணவரின் கவனத்துக்குரிய பொருளாகிவிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் 66ஆம் இலக்க நெடுஞ்சாலை இத்தகையது. 1926ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இவ்விலக்கம் இடப்பட்டது. சிக்காகோ நகரில் தொடங்கி, இலினோய், மிசூரி, கான்சஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ், நியூ மெக்சிக்கோ, அரிசோனா, கலிபோர்னியா ஆகிய எட்டு மாநிலங்களினூடாக, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரையும் பின்னர் சாந்தா மொனிக்காக் கடற்கரையையும் சென்றடைந்த அப்பாதை ஏறத்தாழ 2,400 மைல் நீளமுடையது. 1985 ஜூன் மாதத்தில் அவ்விலக்கம் தேசிய நெடுஞ்சாலைகளின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டு அதன் நூற்றாண்டு. வீதியாக அது வாழ்ந்த காலம் அறுபது ஆண்டுகளுக்கும் குறைவு. கலைப்பொருளாக வாழும் காலமோ இன்னும் முடியவில்லை.

இப்பாதையைப் பற்றி எழுந்த ஆக்கங்களை ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஒரு வினா முன்னெழுகின்றது. இவற்றை ஆக்கியோர் எவ்விடத்து நின்று பாதையைப் பார்த்தனர்? வண்டியினுள் அமர்ந்து பார்ப்பவனுக்கு ஊர்கள் வந்து போவன. மாந்தர் கண்ணாடிக்கு அப்பால் ஒரு கணம் தோன்றி மறைபவர். பாதையோரத்தில் நிற்பவனுக்கோ வண்டிகளே வந்து போவன. அவனும் அவனது கடையும் குடும்பமும் அங்கேயே நிற்பன. ஒரே பாதை இவ்விருவருக்கும் இருவேறு பொருள்களைத் தருகின்றது. முன்னவனுக்கு அது சுதந்திரம். பின்னவனுக்கு அது பிழைப்பு. 66ஆம் இலக்கப் பாதை பற்றிய கலை பெரும்பாலும் வண்டியினுள் இருந்தே படைக்கப்பட்டது என்பதும், அக்கலை உயர்ந்து நிற்கும் இடங்கள் படைப்பாளி வண்டியை விட்டு இறங்கிய இடங்களே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலிற் பாதையின் சமூக அடிப்படையைச் சுருக்கமாக நோக்குவது அவசியம். இப்பாதை பேரூர்களை மாத்திரம் நேர்கோட்டில் இணைக்க எழுந்ததன்று. ஏற்கெனவே இருந்த ஊர்வீதிகளைத் தொடுத்து ஒரே இலக்கத்தின் கீழ்க் கொணர்ந்ததே அது. ஆதலால் நூற்றுக்கணக்கான சிற்றூர்களின் பிரதான வீதியாக அதுவே அமைந்தது. பயணி ஒருவன் ஒவ்வோர் ஊரினூடாகவும் செல்லவேண்டியிருந்தமையால் பெற்றோல் நிரப்பு நிலையம், வண்டி திருத்துமிடம், சிற்றுண்டிச்சாலை, மோட்டல் எனப்படும் வழித்தங்கல் விடுதி என்பன வீதியின் இருமருங்கும் தோன்றின. இவற்றை நடத்தியோர் பெரும்பாலும் சிறு உடைமையாளர். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து உழைத்த குடும்பத் தொழில்கள் அவை. இவ்வர்க்கத்தின் வாழ்வு முழுவதும் வண்டி நிற்குமா நில்லாதா என்பதிலே தங்கியிருந்தது.

1930களில் உலகப் பொருளாதார மந்தமும், தென்சமவெளிகளில் வீசிய புழுதிப் புயல்களும், குத்தகை விவசாயியை வெளியேற்றிய உழவு இயந்திரமும் ஒன்றுசேர்ந்தபோது இலட்சக்கணக்கானோர் மேற்கு நோக்கிப் பெயர்ந்தனர். அவர்களுட் பலர் சென்ற வழி இதுவே. கலிபோர்னியா அவர்களைக் கைநீட்டி வரவேற்கவில்லை. 1936ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் தலைமை 136 பொலிஸாரை மாநில எல்லைகளுக்கு அனுப்பி, கையிற் பணமில்லாதோரைத் திருப்பி அனுப்ப முற்பட்டது. வறியவரை மாநிலத்துக்குள் அழைத்துவருவதைக் குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டத்தை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1941இலேயே செல்லாதென்றது. பின்னாளிற் சுதந்திரத்தின் சின்னமாகப் பாடப்பட்ட பாதையின் மறுமுனையில் ஒரு காலத்தில் காவலர் நின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வனுபவத்தை இலக்கியமாக்கியவர் ஜோன் ஸ்ரைன்பெக். 1939இல் வெளிவந்த ‘கோபத்தின் கனிகள்’ என்னும் அவரது நாவலே இப்பாதைக்குத் ‘தாய்ப்பாதை’ என்ற பெயரை வழங்கியது. நாவலின் அமைப்பு யாவரும் அறிந்தது. ஜோட் குடும்பத்தின் கதையைக் கூறும் அத்தியாயங்களுக்கு இடையிடையே, பெயரற்ற மக்கள் கூட்டத்தைக் காட்டும் இடையத்தியாயங்கள் வருகின்றன. விமர்சகர் சிலர் இவ்விடையத்தியாயங்களைக் கதையோட்டத்தைத் தடைசெய்யும் பிரசங்கங்கள் எனக் கருதினர். ஆயின் பாதையோர மாந்தர் என்ற நோக்கில் நாவலை அணுகுவோர்க்கு அதன் உச்சம் இத்தகைய இடையத்தியாயம் ஒன்றிலேயே, பதினைந்தாம் அத்தியாயத்திலே, காணப்படும்.

அவ்வத்தியாயத்தில் நாவலாசிரியர் வண்டியை விட்டிறங்கி ஒரு சிற்றுண்டிச்சாலையின் மேசைக்குப் பின்னாற் சென்று நிற்கிறார். பரிமாறும் மே என்னும் பெண்ணும் சமையல் செய்யும் அல் என்பவனுமே அங்கு முதன்மை பெறுகின்றனர். அவர்களது பார்வையில் உலகம் தலைகீழாகின்றது. பெரிய காரில் வந்து குறைகூறிச் செல்லும் பணக்காரர் வெறுக்கப்படுகின்றனர். லொறிச் சாரதிகள் விரும்பப்படுகின்றனர். இடம்பெயர்ந்து வருவோரைக் கண்டால் அச்சமும் எரிச்சலும் தோன்றுகின்றன. அத்தகைய ஒருவன் இரு சிறுவருடன் வந்து பத்துச் சதத்துக்குப் பாண் கேட்கிறான். பாணின் விலை பதினைந்து சதம். மே மறுக்கிறாள், உள்ளிருந்து அல் கொடுக்கும்படி அதட்டுகிறான். பின்னர் சிறுவர் கண்ணாடிப் பெட்டியிலுள்ள இனிப்புத் தடிகளையே பார்த்துநிற்பதைக் கண்டு, ஒவ்வொன்றும் ஐந்து சதம் பெறுமதியானவற்றை ஒரு சதத்துக்கு இரண்டு என்று அவளே கூறிவிடுகிறாள். அதைக் கவனித்திருந்த லொறிச் சாரதிகள் தாம் உண்டதற்குரிய விலையிலும் மிகுதியான பணத்தை மேசையில் வைத்துச் செல்கின்றனர்.

இக்காட்சியை இரக்கவுணர்ச்சியின் வெளிப்பாடாக மட்டும் கொள்ளுதல் போதாது. மே கருணையே வடிவானவளாகப் படைக்கப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் இவ்வாறு கொடுத்தாற் கடை நடத்துவது எவ்வாறு என்ற கணக்கு அவள் மனத்திலுண்டு. அக்கணக்கை மீறி அவள் கூறும் பொய்யே அவளை உயர்த்துகின்றது. அப்பொய்யும் வாங்குபவனின் தன்மானத்தைக் காப்பதற்காகக் கூறப்பட்டது; தானம் விற்பனையாக வேடம் பூணுகின்றது. பாண், சதம், இனிப்பு என்னும் அற்பப் பொருள்களைக் கொண்டு வர்க்க உணர்வு பிறக்கும் கணத்தைக் காட்டும் இவ்வாற்றல் யதார்த்தவாதத்தின் உயர்ந்த சாதனைகளுள் ஒன்று எனலாம்.

1940இல் ஜோன் போர்ட் நெறியாள்கை செய்த திரைப்படத்தில் இக்காட்சி அடைந்த மாற்றம் ஒப்புநோக்கத்தக்கது. நாவலிற் பெயரற்ற ஒருவனாயிருந்தவனின் இடத்திற் படத்தில் ஜோட் குடும்பத்துத் தந்தை நிற்கிறார். இதனாற் கதை ஒருமைப்பாடு பெறுகின்றது. ஆனால் எவனோ ஒருவனுக்கு நிகழ்ந்தது என்ற பொதுமை குறைகின்றது. எனினும் போர்ட் ஒன்றைச் செய்தார். குடும்பத்தினர் வெளியேறிய பின்னரும் கமராவைக் கடையினுள்ளேயே நிறுத்தினார். வண்டி போய்விட்டது, பாதையோரம் எஞ்சிநிற்கிறது. ஸ்ரைன்பெக்கின் நோக்குநிலையை அவர் சரிவர விளங்கிக்கொண்டமைக்கு இதுவே சான்று.

ஆயினும் ஸ்ரைன்பெக்கின் பார்வைக்கும் எல்லையுண்டு. நிலத்தை இழக்கும் குத்தகையாளர், தம் பாட்டன்மார் பழங்குடியினரைக் கொன்று அந்நிலத்தைப் பெற்றதை நாவலிலேயே நினைவுகூர்கின்றனர். அவ்வுண்மையை அறிந்திருந்தும், அப்பழங்குடியினரின் வழிவந்தோர் அதே பாதையின் ஓரத்தில் உயிருடன் வாழ்வதை நாவல் காட்டவில்லை. கறுப்பின மக்களும் அதன் அரங்கில் முகம்பெற்ற மாந்தராக வருவதில்லை. மக்கள் என்ற பரந்த சொல் இங்கு உண்மையிற் குறுகிய ஒரு பகுதியினரையே குறிக்கின்றது.

இக்குறைபாடு அடுத்த கட்டத்தில் மேலும் கூர்மையடைகின்றது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின், 1946ஆம் ஆண்டில், பென்சில்வேனியாவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நோக்கித் தம் மனைவியுடன் காரிற் சென்ற பொபி ட்ரூப் என்ற இசையமைப்பாளர் இப்பாதையைப் பற்றிய பாட்டை இயற்றினார். அவ்வாண்டிலேயே நற் கிங் கோல் அதனைப் பாடிப் புகழ்பெறச் செய்தார். அப்பாட்டின் பெரும்பகுதி ஊர்ப்பெயர்களின் அடுக்கே. மாந்தர் எவரும் அதில் இல்லை; ஊர்களும் பெயரளவிலேயே வருகின்றன. ஓசையின் பொருட்டு அரிசோனாவின் ஊரொன்று வரிசை மாறியும் நிற்கின்றது. வறுமையின் பாதை ஏழே ஆண்டுகளில் இன்பச் சுற்றுலாவின் பாதையாயிற்று. சேமிப்பும் காரும் விடுமுறையும் பெற்ற புதிய மத்தியதர வர்க்கத்தின் குரல் அது. குரலின் துள்ளலும் பியானோவின் இலாவகமும் மறுக்கமுடியாதவை. கலை என்ற வகையில் அது தன் காரியத்தைச் செவ்வனே செய்கின்றது.

ஆனால் பாடியவர் யார் என்பதை விமர்சகன் மறத்தலாகாது. நற் கிங் கோல் ஒரு கறுப்பினத்தவர். தாம் பெயர்சொல்லிப் பாடிய பாதையின் பற்பல இடங்களில் ஒரு கறுப்பினப் பயணிக்குப் படுக்கையோ உணவோ கிடைத்திராது. பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தவர் தங்குதலாகாது என்ற நியதியை நிலைநாட்டிய ஊர்களும் அவ்வழியில் இருந்தன. 1948இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வசதிபடைத்தோர் வாழும் பகுதியொன்றில் கோல் வீடு வாங்கியபோது அயலவர் ஒன்றுகூடி எதிர்த்தனர். பாதையின் முடிவில் அவரை எதிர்கொண்டது இதுவே.

இப்பின்னணியிலே இலக்கிய வரலாறுகள் எண்ணிப்பாராத வேறொரு நூலை இப்பாட்டுக்கு அருகில் வைத்து வாசித்தல் வேண்டும். நியூயோர்க் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிறீன் 1936இல் வெளியிடத் தொடங்கிய கறுப்பின வாகனப் பயணிகளுக்கான கைநூலே அது. ‘கிறீன் புத்தகம்’ என வழங்கிய அது, அஞ்சாது தங்கக்கூடிய விடுதிகளையும் உண்ணக்கூடிய கடைகளையும் ஊர்வாரியாகப் பட்டியலிட்டது. இதுவும் ஓர் ஊர்ப்பெயர் அடுக்கே. ஆயின் பாட்டில் ஊர்ப்பெயர் ஓசையாக நிற்கின்றது. இங்கோ ஒவ்வொரு பெயரும் ஒரு கதவு திறக்கும் என்ற உறுதியாக நிற்கின்றது. வழிச்செல்வோரை ஆற்றுப்படுத்தும் நூல் என்ற பெயருக்கு அது முற்றிலும் உரியது. தான் தேவைப்படாது போகும் நாளையே அந்நூல் எதிர்பார்த்திருந்தது. குடியியல் உரிமைச் சட்டம் 1964இல் நிறைவேறிய பின்னர், 1960களின் பிற்பகுதியில் அதன் வெளியீடு நின்றது. பாதையோர மாந்தரைப் பெயர்சொல்லி அழைத்த பனுவல் எது என்று கேட்பின், புகழ்பெற்ற பாட்டினும் இப்பட்டியலே முந்திநிற்கும்.

1960 தொடக்கம் 1964 வரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொடர்நாடகம் பாதையின் இலக்கத்தையே தன் பெயராகக் கொண்டது. இளைஞர் இருவர் ஒரு கொர்வெட் காரில் ஊரூராய்ச் செல்கின்றனர். அதன் காட்சிகளுட் பெரும்பாலானவை அப்பாதைக்கு அப்பால் வேறிடங்களிற் படமாக்கப்பட்டவை. இதனைத் தவறாகக் கொள்வதிலும் அறிகுறியாகக் கொள்வதே பொருத்தம். இக்கட்டத்திற் பாதைக்கு இடம் தேவையில்லை, இலக்கமே போதுமாயிற்று. எங்கும் நில்லாமை என்னும் மனநிலைக்கு அது பெயராயிற்று.

இதே காலத்தில், 1963இல், ஒக்லஹோமா நகரில் வளர்ந்து லொஸ் ஏஞ்சல்ஸிற் குடியேறிய ஓவியர் எட் றூஷே ‘இருபத்தாறு பெற்றோல் நிலையங்கள்’ என்ற சிறு புகைப்பட நூலை வெளியிட்டார். தம் இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட வழியிலுள்ள பெற்றோல் நிலையங்களின் இருபத்தாறு படங்கள். ஊரும் நிலையத்தின் பெயரும் அன்றி வேறு விளக்கமில்லை. முதற்பதிப்பு 400 பிரதிகளே. இதனை உணர்ச்சியற்ற விளையாட்டென ஒதுக்குவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. பாட்டு மறைத்ததை இந்நூல் மறைக்காது காட்டுகின்றது. இப்படங்களில் மாந்தரைத் தேடினாற் கிடைப்பது வெறுமையே. எண்ணெய்க் கம்பனிகளின் விளம்பரப் பலகைகள் நிமிர்ந்து நிற்க, அவற்றின் கீழ் உழைப்பவன் இல்லாது போகிறான். வண்டியில் இருந்து பார்ப்பதன் இறுதி விளைவு இதுவே என்று வாதிடாமலே நிறுவுகின்றது அந்நூல்.

வண்டியிற் செல்வோர் பார்க்கத் தவறியோருள் முதன்மையானோர் பாதைக்கு முன்னரே அங்கிருந்தோர் ஆவர். நியூ மெக்சிக்கோவிலும் அரிசோனாவிலும் பாதை பழங்குடியினரின் நிலங்களினூடாகவே செல்கின்றது. பயணிகளைக் கவரும்பொருட்டு அவர்களது உருவம் பலகைகளிலும் கடைகளிலும் விற்கப்பட்டது. அரிசோனாவின் ஹோல்புறூக் என்னும் ஊரில் 1950இல் அமைந்த மோட்டலின் அறைகள் கூம்பு வடிவான கூடாரங்களாகக் கொங்கிறீற்றிற் கட்டப்பட்டவை. அவ்வடிவம் பெருஞ்சமவெளி மக்களுடையது. அதற்கு இட்ட ‘விக்வாம்’ என்ற பெயர் வடகிழக்குப் பகுதி மக்களின் வேறொரு வகை வதிவிடத்துக்குரியது. அவ்வயலில் வாழும் நவஹோ, ஹோப்பி மக்களுக்கு இரண்டும் உரியனவல்ல. இன்று அக்கட்டடம் பாதையோரப் பண்பாட்டின் அருஞ்சின்னமாகப் போற்றப்படுகின்றது. அருகில் வாழ்வோரைப் பார்க்காமலே அவர்களை விற்க முடிந்தமைக்கும் அது சின்னமாகும்.

இப்பார்வையைத் திருப்பியவர் லெஸ்லி மார்மன் சில்கோ. பாதையை அண்டிய லகூனா பழங்குடிக் கிராமத்தில் வளர்ந்த அவர் 1977இல் ‘சடங்கு’ என்ற நாவலை வெளியிட்டார். யுத்தத்திலிருந்து உடைந்த மனத்துடன் திரும்பும் தாயோ என்ற இளைஞனே கதைத்தலைவன். அவனும் அவனையொத்த முன்னாட் போர்வீரரும் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளிற் பொழுதைக் கழிக்கின்றனர். பாட்டில் ஒரு பெயராக மட்டும் வரும் கல்லப் என்னும் ஊர் இந்நாவலில் மாந்தருடன் வருகின்றது. பாலத்தின் கீழும் வரண்ட ஆற்றுப்படுகையிலும் வீடற்று வாழும் பழங்குடியினரும் அவர்தம் குழந்தையும் அங்கே உளர். அவ்வூரில் 1922 முதல் சுற்றுலாப் பயணிகளுக்காக நடந்துவரும் பழங்குடி விழாவின் அரங்கை, மேட்டில் வாழும் பெற்றோனி என்ற முதிய மருத்துவர் மேலிருந்து நோக்குகிறார். தமது குடிசை அவ்விடத்துக்கு உரியது; பின்னர் வந்த ஊரே அங்கு பொருந்தாதது என்பது அவரது நிலைப்பாடு. இங்கே மையமும் ஓரமும் இடம் மாறிவிடுகின்றன. நிலமே முதன்மையாய், நெடுஞ்சாலை அதன்மேல் விழுந்த ஒரு கீறலாய்த் தோன்றுகின்றது. ஸ்ரைன்பெக் கடைமேசைக்குப் பின்னாற் சென்றார். சில்கோ அக்கடைக்கும் பின்னாலுள்ள மலைக்குச் சென்றார். இவ்விரு நாவல்களையும் சேர்த்து வாசிக்காதவிடத்துப் பாதையின் கதை பாதிக்கதையே.

இனிப் பாதையின் மறைவைப் பற்றிய ஆக்கங்களுக்கு வருவோம். 1956இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் காலத்தில் நிறைவேறிய நெடுஞ்சாலைச் சட்டம், ஊர்களைத் தவிர்த்துச் செல்லும் அகன்ற மாநிலத் தொடர்புச் சாலைகளுக்கு வழிவகுத்தது. அவை பழைய பாதையைப் பகுதிபகுதியாக விழுங்கின. கடைசியாக 1984 ஒக்ரோபரில் அரிசோனாவின் வில்லியம்ஸ் என்னும் ஊரும் ஒதுக்கப்பட்டது. வண்டி நிற்குமா என்ற வினா வண்டி வருமா என்ற வினாவாயிற்று.

அப்பாதை இல்லாமற்போன பின்னரே அதன்மீதான ஏக்கம் பெருகியது. அவ்வேக்கத்தின் புகழ்பெற்ற வடிவம் 2006இல் வெளிவந்த ‘கார்ஸ்’ என்னும் சித்திரத் திரைப்படம். புறக்கணிக்கப்பட்ட பாதையோர ஊரொன்றின் துயரை அது பரிவுடன் கூறுகின்றது. ஆனால் அப்படத்தின் பாத்திரங்கள் யாவும் கார்களே. மனிதர் ஒருவரேனும் இல்லை. சிறுவர்க்கான கற்பனைக்கு அது இயல்பானதே என்பதை ஒப்புக்கொள்கின்றேன். எனினும் றூஷேயின் படங்களில் ஆட்களற்றிருந்த வெறுமையை இங்கே கார்களே முகமும் குரலும் பெற்று நிரப்பிவிட்டன என்பது கவனிக்கத்தக்கது.

இத்தகைய ஏக்கத்தை முதலாளித்துவச் சந்தையின் பண்டம் என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. அது முழு உண்மையன்று. அரிசோனாவின் செலிக்மன் என்ற சிற்றூரை 1978இற் புதிய சாலை ஒதுக்கியது. மெக்சிக்கோவிலிருந்து வந்த குடும்பத்திற் பிறந்து அங்கே சிகையலங்காரத் தொழில் செய்த ஏஞ்சல் டெல்கடில்லோ, 1987இல் ஊராருடன் சேர்ந்து, பழைய பாதையை வரலாற்றுச் சின்னமாகப் பேணும் சங்கமொன்றை அமைத்தார். அவர்களது முயற்சியால் மாநில அரசு அப்பகுதியை வரலாற்றுப் பாதையாக ஏற்றது, பயணிகள் மீண்டனர், ஊர் பிழைத்தது. இவ்விடத்து ஏக்கத்தை விற்றவர் பாதையோரத்தவரே. வண்டியிலிருந்தோரின் கனவை அவர்கள் தம் பிழைப்புக்குக் கருவியாக்கினர். மேயின் மேசையிலிருந்த அதே கணக்கும் அதே தன்மானமும் இங்கும் புலப்படுகின்றன.

ஆயினும் ஏக்கம் தான் விரும்பியோரையே காணும். 1970கள் தொட்டு அமெரிக்காவின் பாதையோர மோட்டல்களுட் பலவற்றை வாங்கி நடத்தியோர் இந்தியாவின் குஜராத்திலிருந்தும், கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வெளியேறியும் வந்த குடும்பங்கள். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் அறைகூட்டி, துணிவெளுத்து அவற்றைக் காத்தனர். போட்டியாளர் சிலர் தம் வாயிலில் இது அமெரிக்கருக்கு உரியது எனப் பலகை தொங்கவிட்டனர். 1936இல் மாநில எல்லையில் நின்ற காவலரின் வாரிசு அப்பலகை எனலாம். பழைய குடும்பத் தொழில் மறைந்ததே எனக் கவலையுறுவோர், அதே தொழிலை அதே முறையில் வேறு முகத்தினர் தொடர்வதைக் காணாமற்போவது ஏன்? இவர்களை மையமாகக் கொண்ட ஒரு ‘கோபத்தின் கனிகள்’ இன்னும் எழுதப்படவில்லை.

ஒரு பாதையின் கலையை மதிப்பிடும்போது அதன் இசையையும் வண்ணத்தையும் மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. ஆக்கியோன் எங்கு நின்றான், யார் முகம் பெற்றனர், யார் சாளரத்துக்கு வெளியே நின்றுவிட்டனர் என்பனவும் அழகியல் வினாக்களே. ஏனெனில் நிற்குமிடத்தைப் பொறுத்தே பார்வையின் ஆழம் அமைகின்றது. நூற்றாண்டு விழாக்களில் பழைய பாட்டு ஒலிப்பதும் பழைய கார்கள் அணிவகுப்பதும் இயல்பே. அவை கடந்து சென்றபின், ஜோன் போர்ட்டின் கமராவைப் போலக் கடையினுள்ளே சற்று நின்று பார்ப்பதே விமர்சகனின் கடமை. பாண் வாங்கியவன் போய்விட்டான். மேசையைத் துடைப்பவள் இன்னும் அங்கே நிற்கிறாள்.